நசுக்கும் இயந்திரத்துக்குக் கண் வைத்தவள்

என் மருமகள் பல்லைக் கடித்தால் பக்கத்து ஊர் வரைக்கும் மின்சாரம் போய்விடும். சரி, பக்கத்து ஊர் என்பது என் கைச்சரக்கு. பக்கத்துத் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரே ஒரு முறைதான், அன்றைக்கு மழையும் பெய்துகொண்டிருந்தது. ஆனால் லாரியை முழுங்குகிற ஓர் இயந்திரம் அவள் பேச்சைக் கேட்டு நின்றதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அதில் ஒரு சொல்கூட மிகை இல்லை. லாரி என்பதை மட்டும் கார் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

அவளை எல்லோரும் ஒயர்க்காரி என்பார்கள். அலுவலகங்களில் கூரைத் தகட்டுக்கு மேலே பூனை மாதிரி ஊர்ந்து போய் நெட்வொர்க் கேபிள் இழுக்கிற வேலை அவளுக்கு. என் மகனோ தையல்காரன். விரலில் ஊசி ஏறினால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். இவனுக்கு இவள் எப்படி வாய்த்தாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் என் மிக்ஸி நின்றுபோனது. வழக்கம்போல நான் நாலு அறை விட்டேன். "தள்ளுங்க அத்தை. அடிக்கிறதுன்னா எங்க அடிக்கணும்னு தெரிஞ்சு அடிக்கணும்" என்று அதைக் கவிழ்த்து, அடியில் ஒரே ஒரு குத்து விட்டாள். ஓடியது. அன்றைக்கே நான் மாமியார் அதிகாரத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

அவளுக்கு ஒரே அண்ணன். பழைய இரும்புக் கிடங்கில் பிரஸ் இயந்திரத்தில் வேலை செய்தான். அந்த பிரஸ்ஸை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஓர் அறை அளவுக்கு இரும்பு வாய். கிரேன் ஒரு பழைய காரைக் கவ்விக்கொண்டு வந்து அதற்குள் போடும். பேனலில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் இரண்டு பக்க மூடியும் மடிந்து இறங்கும். கண்ணாடி வெடிக்கும், கதவு முறியும், கார் கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். மூடி திறக்கும்போது உள்ளே பெட்டி போல ஒரு கட்டி கிடக்கும். அதுதான் கார். நிறுத்துவதற்குச் சிவப்புப் பொத்தான். மூடி இறங்குவதற்கு முன் ஓர் ஆள் வாய்க்குள் இறங்கி, காரிலிருந்து பேட்டரியையும் செம்புக் கம்பியையும் பிடுங்கிக்கொண்டு மேலே வரவேண்டும். அந்த ஆள் அவளுடைய அண்ணன். ஒருநாள் அவன் மேலே வருவதற்குள் எவனோ பச்சையைத் தட்டிவிட்டான். ஆள் வெளியே வந்தான், இடது கையின் மூன்று விரல் வரவில்லை. அவை இப்போது ஏதோ ஒரு பாலத்திலோ, யார் வீட்டுக் கட்டிலிலோ இரும்போடு இரும்பாக இருக்கும்.

அதற்குப் பிறகு கிடங்கில் அவன் பெயர் ஏழு. நான் கோபப்பட்டேன். அவன் சிரித்தான். "எண்ணிப் பாத்துத்தானே அத்தை வச்சிருக்கானுங்க."

விபத்துக்குப் பிறகு அதிகாரிகள் வந்து முதலாளியை உலுக்கினார்கள். பிரஸ்ஸின் வாய்க்கு மேலே ஒரு கேமரா இருக்கவேண்டும், உள்ளே ஆள் இருந்தால் அது கண்டுபிடித்து பிரஸ்ஸுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும் என்றார்கள். செய்தியைக் கேட்டதும் மருமகள் ஏசி அலுவலக வேலைகளை எல்லாம் உதறிவிட்டுக் கிடங்குக்குப் போய் நின்றாள். "எங்க அண்ணன் விரலைத் தின்ன வாய்க்குக் கண்ணு நான்தான் வைப்பேன். வேற எவனையும் கிட்ட விடமாட்டேன்." முதலாளிக்கு யார் வைத்தால் என்ன, வேலை முடிந்தால் சரி.

சீட்டுக்கட்டு அளவில் ஒரு போர்டு. அதுவே ஒரு முழுக் கம்ப்யூட்டர் என்றாள். அதைக் கேமராவோடு சேர்த்து ஒரு இரும்புப் பெட்டியில் வைத்து வாய்க்கு மேலே தொங்கவிட்டாள். அதோடு ஒரு கறாரான ஏற்பாடும் செய்தாள். கண் தூங்கினால் பிரஸ்ஸும் ஓடாது. கண் விழித்து "உள்ளே ஆள் இல்லை" என்று சொன்னால்தான் பச்சைப் பொத்தானுக்கு உயிர் வரும்.

போர்டுக்கு மூளை ஒரு மெமரி கார்டில் இருந்தது. பிரஸ் ஒவ்வொரு காரை நொறுக்கும்போதும் தரையே துள்ளும். அந்த அதிர்வில் கார்டு செத்துச் செத்துப் போனது. புதுக் கார்டு போடுவாள், நாலு நாளில் அதுவும் போய்விடும். கடைசியில் கார்டையே பிடுங்கி எறிந்தாள்.

"அப்ப மூளைக்கு எங்க போவும்?" என்று கேட்டேன்.

"கடன் வாங்கும் அத்தை. காலைல கரண்ட் வந்ததும் கேபிள் வழியா ஊருக்கே கேக்கற மாதிரி கத்தும். நான் யாரு, என் நம்பர் என்ன, நான் படிக்கவேண்டியதை யாருகிட்ட வாங்கணும்னு. ஆபீஸ்ல நான் வச்சிருக்கிற சர்வர் பதில் சொல்லும். இதுதான் உன் நம்பர், இன்ன மெஷின்கிட்ட போ, இந்த ஃபைலை வாங்கிப் படின்னு. வாங்கிப் படிச்சுட்டு முழிச்சுக்கும்."

"அந்த சர்வருக்குப் பேரு?"

"டிஎச்சிபி சர்வர்."

நான் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். தும்மல் வந்தது.

சொல்லும்போது சுலபம். அவள் அதைச் செய்து முடிப்பதற்குள் எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் உப்பு எடுத்துக்கொடு என்றுகூடக் கேட்கவில்லை. போர்டின் உடம்பில் பொறித்த எண்ணை சர்வரில் எழுதி, இந்தப் பிள்ளைக்கு எப்போதும் இதே நம்பர் என்று பதிந்தாள். போர்டு நம்பரை வாங்கிக்கொண்டு அதோடு நின்றுவிட்டது. ஃபைல் இருக்கும் மெஷினின் முகவரியையும் சேர்த்துக் கொடுத்தாள். போர்டு போய்க் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிவிட்டது, அது தேடிய பெயரில் அங்கே ஃபோல்டர் இல்லை. அவள் சுவரில் ஒரு குத்து விட்டாள். அந்தப் பள்ளம் இன்னும் எங்கள் கூடத்தில் இருக்கிறது, விருந்தாளிகளிடம் நான் அது பீரங்கிக் குண்டு பட்ட இடம் என்று சொல்வேன். மறுநாள் சரியான பெயரில் ஃபோல்டர் வைத்தாள். கண் விழித்தது. அன்று அவளும் ஏழுவும் பிரஸ்ஸுக்கு முன்னால் நின்று ஒருவரை ஒருவர் முதுகில் அறைந்துகொண்டார்கள். அந்தக் குடும்பத்தில் அன்பும் அடியாகத்தான் வரும்.

நான் சொல்லவந்த நாள் அதற்குப் பிறகு வந்தது. மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு நான்தான் கிடங்குக்குப் போயிருந்தேன்.

கேட்டைத் தாண்டியதும் சத்தம் கேட்டது. இரும்புச் சத்தம் இல்லை. ரப்பர் குழாய் மனித உடம்பில் விழுகிற சத்தம், ஈரத்துணியைக் கல்லில் அறைவது மாதிரி. ஏழுவைப் பிரஸ்ஸின் உதட்டில், இரண்டு காலும் வாய்க்குள் தொங்கும்படி உட்கார வைத்திருந்தார்கள். கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள், கேபிளாலேயே. அவன் மூக்கிலிருந்து ரத்தம் இறங்கித் தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. முதலாளி குழாயை இரண்டு மடிப்பாக மடித்துக் கையில் வைத்திருந்தார். பெரிய உடம்பு அவருக்கு. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

நடந்தது இதுதான். அன்று காலையில் கரண்ட் போட்டதும் கண் விழிக்கவில்லை. பிரஸ் ஓடவில்லை. வெளியே லாரிகள் வரிசையில் நின்றன. கேமராவின் கண்ணாடியைத் தினம் துடைப்பது ஏழுவின் வேலை, அன்று காலையும் அவன் துடைத்திருந்தான். முதலாளிக்கு அது போதும்.

"விரல் போன கடுப்புல ஒயரைப் புடுங்கிவிட்டுட்டு நிக்கிறான். சொல்லுடா, எதைப் புடுங்கின?"

"நான் தொடைச்சேன், அவ்வளவுதான்."

குழாய் இறங்கியது. முதுகில் சட்டை கிழிந்தது.

மருமகள் ஆபீஸ் வாசலில் மடிக்கணினியோடு நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "முதலாளி, அவர் மேல கை வைக்காதீங்க. எங்கயோ என் செட்டிங்தான் தப்பு. நேத்து நான்தான் ஸ்பேரா வைக்க வாங்கின ரெண்டாவது போர்டுக்கு நம்பர் சேர்த்தேன். பாத்துச் சொல்றேன்."

"பாரு. நல்லா பாரு." முதலாளி குழாயைத் தோளில் போட்டுக்கொண்டார். "அடுத்த லாரி கேட்டுக்குள்ள வர்ற வரைக்கும் பாரு. கண்ணு முழிச்சா உன் அண்ணனைக் கூட்டிட்டுப் போ. முழிக்கலேன்னா கண்ணை ஒதுக்கிட்டு நேர் ஒயர் போட்டு ஓட்டுவேன். உள்ள இறங்கிக் கம்பி புடுங்கப் போறது இவன்தான். பச்சையை அழுத்தப் போறது நான்."

அவர் சும்மா சொல்லவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நேர் ஒயரைத் தயாராக வைக்கச் சொன்னதை நானே கேட்டேன்.

இந்த இடத்தில் நான் தூக்குச்சட்டியை முதலாளி தலையைக் குறிபார்த்து எறிந்தேன். அது அவர் மண்டையைப் பிளந்தது என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் எடைமேடைக் கண்ணாடி உடைந்தது. குழம்பு முழுக்க அதன்மேல் வழிந்தது. முதலாளி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மருமகள் சர்வரின் முன்னால் உட்கார்ந்தாள். நேற்றுச் சேர்த்த வரிகளை அழித்தாள். கரண்ட்டை அணைத்துப் போட்டாள். கண் தூங்கியது. முழுவதையும் பழையபடி எழுதினாள். அணைத்துப் போட்டாள். கண் தூங்கியது. வெளியே ஏழு முனகுவது கேட்டது, முதலாளி சும்மா நிற்க முடியாமல் நடுநடுவே ஒன்று வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அடிக்கும் இவள் தோள் துள்ளியது, விரல் மட்டும் நிற்கவில்லை. பிறகு சட்டென்று எழுந்தாள்.

"நான் ஒரு முட்டாள், அத்தை. அதுகிட்டயே கேக்காம இங்க உக்காந்து என்னையே சந்தேகப்பட்டுட்டு இருக்கேன்."

குப்பைக் குவியலுக்கு ஓடினாள். கண்ணாடி கீறல் விட்ட ஒரு பழைய டிவியை இழுத்துக்கொண்டு வந்தாள். இழுக்கும்போது தகடு பட்டு முழங்கை கிழிந்தது, அதைக் கவனிக்கவில்லை. டிவியைக் கண்ணின் பெட்டிக்குக் கீழே வைத்து, போர்டோடு இணைத்தாள். ரத்தம் டிவி மேல் வட்டமாக விழுந்தது. திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அவள் குனிந்து படித்தாள்.

"இது நான் குடுத்த நம்பர் இல்ல."

"என்னம்மா உளர்றே?" என்றார் முதலாளி.

"என் சர்வர் கொடுக்கிற நம்பர் எல்லாம் பத்துல ஆரம்பிக்கும். இதுக்கு நூத்தித் தொண்ணூத்திரண்டுல ஒரு நம்பர் கெடைச்சிருக்கு. நம்பர் கெடைச்சிருக்கு, ஃபைல் எங்க இருக்குன்னு எவனும் சொல்லல. அதான் முழிச்ச வேகத்துல நட்டநடுவுல நிக்குது." அவள் நிமிர்ந்தாள். "என் வீட்டுப் பிள்ளைக்கு எவனோ பேர் வச்சிருக்கான். இந்தக் கிடங்குல என் சர்வரைத் தவிர இன்னொன்னு பதில் சொல்லுது. அது முந்திக்குது. முதல்ல எவன் பதில் சொல்றானோ அவனைத்தான் இது நம்பும்."

கேட்டுக்கு வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. எலக்ட்ரீஷியன் நேர் ஒயரைக் கையில் எடுத்தான். முதலாளி ஏழுவின் பிடரியைப் பிடித்துத் தள்ளினார், அவன் வாய்க்குள் விழுந்தான். நொறுங்கிய கண்ணாடித் துண்டுகள் மேல் மண்டியிட்டு விழுந்தான். அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. கேபிள்கள் எல்லாம் கூடுகிற சுவிட்ச் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கினாள். ஒன்றைப் பிடுங்குவாள், போர்டை அணைத்துப் போடுவாள், டிவியைப் பார்ப்பாள். எடைமேடையின் கேபிளைப் பிடுங்கினாள், அதே தப்பு நம்பர். கேட் கேபிளைப் பிடுங்கினாள், அதே நம்பர். கிரேனின் கேபிளைப் பிடுங்கினாள். திரையில் பத்தில் ஆரம்பிக்கும் எண் வந்தது.

அவள் தலையைத் தூக்கிக் கிரேனைப் பார்த்தாள். அங்கே மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள், கிரேன்காரர் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு.

சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். நானும் ஏணிக்கடியில் போய் நின்றேன், பேசியது முழுக்கக் கேட்டது.

"சீட்டுக்கு அடில என்ன அண்ணே?"

"ஒண்ணும் இல்லம்மா."

"எழுந்திருங்க."

இருக்கைக்கு அடியில், துண்டில் சுற்றி, வீட்டு ரூட்டர் ஒன்று இருந்தது. யாரோ கழித்துப் போட்டது. குவியலில் இருந்து எடுத்து, துடைத்து, முந்தின நாள் சாயந்திரம் கூண்டின் கேபிளில் செருகியிருக்கிறார். அதையும் தப்பான துளையில். எதுவும் வீணாகக்கூடாது என்பது அந்தக் கிடங்கில் எல்லோருக்கும் உடம்பில் ஊறிப்போன பழக்கம். கூண்டில் இருந்த மின்விசிறி, நாற்காலி, கடிகாரம் எல்லாமே குவியலில் இருந்து வந்தவைதான்.

"குஸ்தி பாக்கத்தாம்மா வச்சேன். போன்ல நெட்டு கெடைக்கல. இதுலயும் ஒரு நேரம் வருது, ஒரு நேரம் வரல. இந்தச் சின்னப் பெட்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

"கேக்கற எல்லாத்துக்கும் நம்பர் குடுத்துச்சு. அதான் பாவம்."

"சத்தியமா எனக்குத் தெரியாது."

"பெட்டி பண்ணது தெரியாது. கீழ நடந்தது தெரியும் இல்ல? கண்ணாடிக் கூண்டுதானே இது?"

அவள் ரூட்டரைக் கூண்டின் வாசற்படியில் வைத்துச் சுத்தியலால் அடித்தாள். முதல் அடியில் பிளந்தது. அவள் நிறுத்தவில்லை. பச்சைத் தகடும் பிளாஸ்டிக்கும் மழையாக என் தலையில் விழுந்தன. கடைசி அடி கிரேன்காரரின் கால்விரலுக்கு ஒரு நகம் தள்ளி விழுந்தது. குறி தவறவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கீழே கண் ஃபைலைப் படித்து முடித்து விழித்தது. பெட்டியின் மேல் விளக்கு எரிந்தது. வாய்க்குள் ஏழு கிடப்பதைப் பார்த்ததும் சைரன் ஊளையிட்டது. எலக்ட்ரீஷியன் ஒயரைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போனான். நேர் ஒயர் கடைசிவரை மாட்டப்படவே இல்லை.

நான் ஏழுவின் கட்டை அவிழ்த்து, மேலே ஏறக் கைகொடுத்தேன். அவன் முழங்காலில் கண்ணாடி குத்தி நின்றது. அதற்குள் முதலாளிக்குப் புது ஆள் கிடைத்துவிட்டார். இறங்கி வந்த கிரேன்காரரை ஏணியிலிருந்து காலைப் பிடித்து இழுத்துப்போட்டு, ஓர் இரும்புக் கம்பியை எடுத்து அவர் தோளில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் சைரனையும் தாண்டிக் கேட்டது. கம்பி மறுபடி ஓங்கியது. இந்த முறை தலைக்கு.

அதை ஏழு பிடித்தான். மூன்று விரல் இல்லாத கையால். அந்தக் கையில் மீதியிருந்த கட்டைவிரலும் சுண்டுவிரலும் கம்பியைச் சுற்றி இறுகியதை நான் பார்த்தேன். இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். ஏழு முதலாளியின் காதைக் கடித்தான், முதலாளி அவன் காயத்தில் முழங்கையை விட்டுக் குத்தினார். உருண்டு உருண்டு பிரஸ்ஸின் உதட்டுக்கு வந்தார்கள். ஒருவர் உள்ளே விழுந்தார். பெரிய உடம்பு, பெரிய சத்தம். முதலாளி.

அவர் மல்லாந்து கிடந்தார், காற்று போய் வாய் திறந்து திறந்து மூடியது. மேலே இரண்டு மூடிகளும் ஆவென்று நின்றன. ஏழு பேனலுக்குப் பாய்ந்தான். சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தான். பழைய பழக்கம், உள்ளே ஆள் இருந்தால் முதலில் சிவப்பு. பிரஸ் அசையாமல் நின்றது. மருமகள் ஏணியிலிருந்து குதித்து வந்து அண்ணனின் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து முதலாளியைத் தூக்கி வெளியே போட்டோம்.

தன்னைச் சாகாமல் காப்பாற்றியவன் ஏழு என்றுதான் முதலாளி இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். காதில் தையலோடு அவர் அதைச் சொல்லும்போது பார்க்கவேண்டும். குழாயை அதற்குப் பிறகு அவர் கையில் யாரும் பார்க்கவில்லை. கிரேன்காரரின் தோள் கூடிவிட்டது, மழைக்கு முன்னால் வலிக்குமாம். மருமகள் தன் சர்வரைத் தவிர வேறு ஏதாவது நம்பர் கொடுத்தால் சுவிட்ச் பெட்டியே அதன் கழுத்தைப் பிடிக்கும்படி செய்துவிட்டாள். மறுநாளே பேனலுக்கு ஓர் இரும்புக் கதவு வைத்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டாள். ஏழுவைப் பிரஸ் பக்கமே விடாமல் எடைமேடைக்கு மாற்றச் சொன்னாள். காப்பாற்றின ஆளை எதற்கு மாற்றுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். "சும்மா இருங்க அத்தை" என்றாள்.

இவ்வளவும் எழுதி முடித்து, சத்தமாகப் படித்துக் காட்டினேன். எதிரே ஏழு உட்கார்ந்து என் மகனின் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். காது கடித்த இடத்தில் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான்.

"எல்லாம் சரிதான் அத்தை. லாரி, பீரங்கி எல்லாம் உங்க இஷ்டம். அந்தப் பொத்தான் மட்டும் சிவப்பு இல்ல."

"பின்னே?"

"பச்சை. ஒருக்கா இல்ல, அழுத்திக்கிட்டே இருந்தேன். மூடி அசையல. அவ வச்ச கண்ணு முழிச்சிருந்துச்சு. அவ வந்து என்னை இழுத்தப்ப என் விரல் பச்சை மேலதான் இருந்துச்சு, அதை அவ பாத்துட்டா."